பத்திரிசியார் மலையில் ஐப்பசிக் காற்று

மலையைச் சிறியது என்றே சொல்ல வேண்டும். அதன் உயரம் 764 மீட்டர். நம் கொடைக்கானல் இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆயினும் அது கடற்கரையை ஒட்டியே எழுந்து நிற்பதால், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த 764 மீட்டரும் முழுமையாகத் தெரியும். சிகரம் கூம்பு வடிவமானது. வானம் தெளிந்த நாளில் பல கல் தொலைவிலிருந்தே, "அதோ, பத்திரிசியார் மலை" என்று வழிப்போக்கர் கைகாட்டுவர். அயர்லாந்து நாட்டின் மேற்குக் கோடியில், மேயோ மாவட்டத்தில், வெஸ்ட்போர்ட் என்னும் ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இம்மலையின் பெயர் குரோக் பேட்ரிக். அவ்வூரார் செல்லமாக 'ரீக்' என்பர்.

சென்ற அக்டோபரில் இம்மலையில் ஏறும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. 'ஏறும் பேறு' என்று எழுதிவிட்டோம். எந்த அளவுக்கு ஏறினோம் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நாங்கள் கணவன் மனைவி இருவர். எங்களுடன் எங்கள் தமக்கையார். அவருக்கு வயது அறுபத்துநான்கு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளும் அவள் கணவருமே எங்களை அழைத்துச் சென்றவர்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. ஏழு வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்த ஏழு வாரமும் தமக்கையார் தமிழ்நாட்டில் தம் வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்தார். "அந்த நாட்டில் பிறந்த பிள்ளையை அந்த நாட்டுப் புனிதரிடமே ஒப்படைத்தேன். பிள்ளை பிழைத்தால் அவருடைய மலை உச்சிக்குக் காலணி இல்லாமல் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்" என்று அவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். குழந்தை பிழைத்தது, இப்போது வீடு முழுவதும் ஓடுகிறது.

பத்திரிசியார் வரலாற்றை நம் வாசகர்கள் ஓரளவு அறிவர். பதினாறு வயதில் கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்துக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தவர். பனியிலும் உறைபனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து செபித்ததைத் தாமே தம் 'அறிக்கை' என்னும் நூலில் குறித்திருக்கிறார். தப்பி ஓடி வீடு சேர்ந்தவர், பின்னர் ஆயராக அதே நாட்டுக்குத் திரும்பி வந்து நற்செய்தி அறிவித்தார். அவர் இம்மலை உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பதை ஏழாம் நூற்றாண்டிலேயே திரேகான் என்னும் ஆயர் எழுதிவைத்திருக்கிறார். அந்த நோன்பு நடந்தது 441-ஆம் ஆண்டு என்பது மரபு. 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் உச்சியில் அகழாய்வு செய்தவர்கள், சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய ஒரு சிறு செபக்கூடத்தின் அடித்தளத்தைக் கண்டனர். அது கி.பி. 430-க்கும் 890-க்கும் இடைப்பட்டது என்று கரி ஆய்வு காட்டிற்று. ஆக, பத்திரிசியார் காலத்தையோ அதை அடுத்த சில நூற்றாண்டுகளையோ சேர்ந்த செபவீடு ஒன்று அவ்வளவு உயரத்தில் இருந்தது உறுதி.

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு இம்மலையின் பெருநாள். பல்லாயிரக்கணக்கானோர் அன்று ஏறுவர். சிலர் வெறுங்காலோடு ஏறுவர். 1970-களின் தொடக்கம் வரை இரவில் விளக்குப் பிடித்து ஏறுவதே வழக்கமாயிருந்தது. உச்சியில் உள்ள இப்போதைய சிற்றாலயம் 1905-ஆம் ஆண்டு, டூவம் உயர்மறைமாவட்டத்தின் பேராயர் ஹீலி அவர்களின் காலத்தில் கட்டப்பட்டது. கட்டடப் பொருள்களைக் கழுதைகள் சுமந்து ஏறின என்பர். வந்த வழியைப் பார்த்த பிறகு அந்தக் கழுதைகள்மீது எங்களுக்கு மரியாதை கூடிவிட்டது.

தமக்கையாருக்கு விசா கிடைத்ததோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜூலைத் திருவிழா முடிந்து போயிற்று. "மலை எங்கே போய்விடும்? அக்டோபரில் ஏறினால் என்ன? செபமாலை மாதந்தானே!" என்றார்.

இலையுதிர் காலம் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம். அச்சொல்லைக் கேட்டவுடன் செம்மையும் மஞ்சளுமாய் இலைகள் உதிரும் சோலை ஒன்று மனக்கண்ணில் தோன்றும். இம்மலையில் உதிர்வதற்கு இலையே இல்லை. அடிவாரத்து வேலியோரம் சில மரங்கள் உண்டு. அவற்றைத் தாண்டினால் புல்லும் புதரும் கல்லுந்தான். கோடையில் ஊதா நிறமாய்ப் பூத்திருக்கும் ஹீதர்ச் செடிகள் அக்டோபரில் பழுப்பேறிவிடும். பெரணிகள் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மடிந்து கிடக்கும். அழகுதான், மறுக்கவில்லை. அந்நாட்டு மொழியில் அக்டோபருக்குப் பெயர் 'அறுவடைக் காலத்தின் முடிவு' என்று பொருள்படும். அதற்கு அப்பால் அவர்களுக்குக் குளிர்காலந்தான். அத்தைக்கு அந்தப் பொருள் புரிந்தால் நன்று என்று மருமகன் எங்களிடம் மெல்லச் சொன்னார். நாங்களே அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஏனெனில், இம்மலைப் பாதையில் பருவம் என்பது காட்சியன்று. அது தண்ணீர், காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றின் கணக்கு. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல். அதற்கும் மலைக்கும் நடுவே தடுப்பாக எதுவுமில்லை. செப்டம்பர் கடந்தால் கடலிலிருந்து புயற்சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். அடிவாரத்தில் பன்னிரண்டு பாகை வெப்பம் இருக்கும்போது உச்சியில் ஏழோ எட்டோதான் இருக்கும். அதன்மேல் காற்று வீசினால் உடலுக்கு அது உறைநிலைபோலத் தோன்றும். சூரியனோ அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மாலை ஆறேகால் மணிக்குப் பின் மறைந்துவிடுகிறது. மாதத்தின் கடைசி ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பர். அதன்பின் ஐந்து மணிக்கெல்லாம் இருள் சூழும்.

நாங்கள் சென்றது ஐப்பசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி கண்டு, சிற்றுண்டி அருந்தி, மலையடியில் உள்ள மரிஸ்க் என்னும் சிற்றூரை அடைந்தபோது மணி பதினொன்றரை. இதுவே எங்கள் முதல் தவறு. அந்நாட்டார் அக்டோபரில் ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்கிவிடுகின்றனர்.

மரிஸ்க்கில் 1457-ஆம் ஆண்டு அகுஸ்தீன் சபைத் துறவியர் நிறுவிய மடத்தின் இடிபாடு கடலோரத்தில் நிற்கிறது. அதற்கு அருகே ஒரு வெண்கலக் கப்பல். பாய்மரக் கயிறுகளுக்குப் பதிலாக எலும்புக்கூடுகள் பறப்பதுபோல் வார்த்திருக்கிறார்கள். 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதினும் மிகுதியானோர் கப்பலேறினர். கப்பலிலேயே இறந்தவர்களும் பலர். அவர்கள் நினைவாக 1997-இல் திறந்து வைக்கப்பட்ட சின்னம் அது. தமக்கையார் அங்கே நின்று மரித்தோருக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லிவிட்டே நகர்ந்தார். நவம்பர் பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று யாரோ சொன்னதற்கு, "அவர்களுக்கு அவசரம் இருக்காதா?" என்றார்.

பாதை தொடங்கும் இடத்தில், தம் வீட்டு வாசலில் நின்ற முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். தமக்கையாரின் புடவையை ஒரு பார்வை, எங்கள் காலணிகளை ஒரு பார்வை. (புடவையின் அடியில் மகளின் கம்பளிக் கால்சட்டையும், மேலே மருமகனின் மழைச்சட்டையும் இருந்தன. அந்தக் கோலத்தை விவரிக்க எங்களுக்கு அனுமதி இல்லை.) முதியவர் ஆஷ் மரக் கைத்தடி ஒன்றைக் கொண்டுவந்து தமக்கையாரிடம் நீட்டினார். "காலையில் மேகம் உச்சிக்கு மேலே இருந்தது. இப்போது உச்சியைத் தொட்டுவிட்டது. அது தோள்வரை இறங்கினால் நீங்களும் இறங்கிவிடுங்கள்" என்றார். மலையின் நடுவே, கூம்புக்குக் கீழே உள்ள நீண்ட முதுகுப் பகுதியைத்தான் அவர்கள் 'தோள்' என்கின்றனர்.

முதல் கட்டம், 1928-இல் நிறுவிய பத்திரிசியார் சுருபத்திலிருந்து அந்தத் தோள் வரை. பாதையோரமாக ஓடை ஒன்று இறங்குகிறது. மழை மிகுந்த நாளில் எது ஓடை, எது பாதை என்று பிரித்தறிவது கடினம். இதற்குக் காரணம் மழை மட்டுமன்று, மனிதரின் கால்களுந்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இம்மலையில் ஏறி இறங்குகின்றனர். மேலே மெல்லிய புல். அதன் கீழே கரிய புல்லழுகல் மண், கடற்பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருப்பது. கால்பட்டுப் புல் சாகிறது. புல் செத்தால் அம்மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. அடுத்த மழை மண்ணை வாரிக்கொண்டு போகிறது. அடியில் இருந்த கற்கள் வெளியே வருகின்றன. கல்லில் நடக்கக் கால் வலிக்கிறது என்று அடுத்து வருபவர் ஓரத்துப் புல்லில் நடக்கிறார். அந்தப் புல்லும் சாகிறது. இப்படியே ஓரடிப் பாதை பல அடி அகலமுள்ள வடுவாகிவிட்டது. ஒவ்வொருவரும் செபித்துக்கொண்டே, ஒரு தீங்கும் நினையாமலே செய்கின்ற சேதம் இது.

தோளை நெருங்குமுன் எங்கள் மருமகனின் கால் இரண்டு முறை வழுக்கிற்று. ஈரமான பெருங்கல்லில் கால் வைக்கக் கூடாது. சிறுகற்களுக்கு இடையே மிதிக்க வேண்டும் என்பதை அவர் விழுந்து கற்றுக்கொண்டார். நாங்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். தமக்கையாரை மகள் மிக வற்புறுத்திக் காலணி அணியச் செய்திருந்தாள். "உச்சிக் கூம்பின் அடியில் கழற்றிக்கொள்ளுங்கள் அம்மா. அதுவரை எனக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சியிருந்தாள். திருவிழா நாளில் மலையடிக்குக் கொண்டுவரப்படுவோரில் பாதம் கிழிந்தவர்களும் கணுக்கால் பிசகியவர்களும் எத்தனை பேர் என்பதை அவள் தன் தொழில் முறையில் அறிந்தவள்.

தோளை அடைந்தபோது மணி ஒன்றே முக்கால். வடக்கே கிளூ விரிகுடா விரிந்து கிடந்தது. அதில் ஆண்டின் நாட்களைப்போல் முந்நூற்று அறுபத்தைந்து தீவுகள் என்பது ஊர்வழக்கு. ஒரு பக்கம் வெயில் சில தீவுகளைப் பொன்னாக்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் மழைத்திரை சில தீவுகளை அழித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் திரை நகர்ந்து வந்தது. தோளின்மேல் பாதை சமமாக இருப்பதால் நடை எளிது. ஆனால் அதுவரை மலை எங்களுக்கு மறைத்துவைத்திருந்த காற்று அங்கேதான் முகத்தில் அறைந்தது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை.

எதிரே கூம்பு. கடைசி முந்நூறு மீட்டர் உயரம் அளவுக்குச் செங்குத்தாய் எழும் அக்கூம்பு, குவார்ட்சைட் என்னும் வெளிர்சாம்பல் கல் உடைந்து குவிந்த குவியல். ஓரடி எடுத்து வைத்தால் அரையடி பின்னே சறுக்கும். ஏறுவதைவிட இறங்குவதே இடர் மிகுந்தது. மேலே ஒருவர் கால் தவறி உருட்டிவிடும் கல் கீழே வருபவரின் தலைக்கே வரும். கோடை முழுவதும் லட்சம் கால்கள் கலைத்துப் போட்ட கற்கள் இலையுதிர் காலத்தில் அப்படியே தளர்ந்து கிடக்கும். அதன்மேல் மழை.

இதைச் சீர்செய்ய அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட பணியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2020-களின் தொடக்கத்தில், பாதைக் கல்பாவுவதில் கைதேர்ந்த ஒரு சிறு குழுவினர் இக்கூம்பில் வேலை தொடங்கினர். மலைக்கு வெளியிலிருந்து சிமெண்ட்டுச் சாலை கொண்டுவர அவர்கள் எண்ணவில்லை. மலையிலேயே கிடக்கும் கற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் நீளப்பகுதியும் மண்ணுக்குள் ஆழமாகப் புதையுமாறும், தட்டையான தலைமட்டும் வெளியே தெரியுமாறும் நிறுத்தி, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, இடுக்குகளில் சிறுகல் செருகி இறுக்கினர். சாந்து கிடையாது. நீர் பாதையின் நெடுக ஓடாமல் குறுக்கே வழிந்து ஓரத்துக்குப் போக வழி வைத்தனர். பார்ப்பவருக்கு அது யாரும் செய்ததாகவே தெரியாது. மலை தானே படியாக மாறிக்கொண்டதுபோல் இருக்கும். ஆதிச் செபக்கூடத்தைக் கட்டியவர்களும் இப்படித்தானே சாந்தின்றிக் கல்லடுக்கினார்கள் என்று எங்களுக்குத் தோன்றிற்று. படி போட்டால் தவத்தின் கடுமை குறைந்துவிடும் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நம் பரங்கிமலையில் 18-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் ஒருவர் படிக்கட்டு அமைத்தபோதும் யாரேனும் அப்படிச் சொல்லியிருக்கலாம்! எங்கள் கருத்தில், தவம் செய்ய வந்தவர் மலையைச் சிதைத்துவிட்டுப் போவது தவமாகாது. இதே மலையில் 1980-களின் இறுதியில் தங்கம் இருப்பது கண்டறியப்பட்டுச் சுரங்கம் தோண்ட முயற்சி நடந்தபோது, ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர். மேயோ மாவட்ட மன்றமும் அனுமதி மறுத்துவிட்டது. தங்கத்துக்காகத் தோண்ட விடாத மலையைச் செருப்பாலே தோண்டிவிடக் கூடாதல்லவா?

கூம்பின் அடியில் பெனான் கல்லறை என்னும் கற்குவியல் உண்டு. பத்திரிசியாரின் சீடர் பெனிக்னுஸ் பெயரால் அமைந்த முதல் நிலை அது. அதனை ஏழு முறை சுற்றி, ஏழு பரலோக மந்திரமும் ஏழு மங்கள வார்த்தையும் ஒரு விசுவாசப் பிரமாணமும் சொல்வர். அடுத்து உச்சியில் ஆலயத்தைப் பதினைந்து முறை, 'பத்திரிசியாரின் படுக்கை' எனப்படும் இடத்தை ஏழு முறை. பின்பு மறுபுறச் சரிவில் 'மரியன்னையின் கல்லறைத் தோட்டம்' என்னும் மூன்று கற்குவியல்களை ஒவ்வொன்றாக ஏழேழு முறை. முறைகளை எழுதிய அறிவிப்புப் பலகை ஒன்று அடிவாரத்திலேயே உண்டு. பத்திரிசியார் திருநாளிலும் அதன் எட்டாம் நாள்வரையிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் உச்சிக்கு ஏறிச் செபிப்போருக்கு, முறைப்படி பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இருப்பின், பரிபூரண பலன் உண்டு என்று அப்பலகை கூறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை! அக்டோபர் அதில் இல்லை. காலையில் அதை வாசித்தபோது சட்டப் புத்தக விவரம் என்றே கடந்து போனோம். தோளின்மேல் நின்றபோது, மலையை அறிந்தவர்கள் எழுதிய பலகை அது என்று உணர்ந்தோம்.

மேலிருந்து இரண்டு இளைஞர்கள் இறங்கி வந்தனர். இருவரும் உட்கார்ந்து, கையை ஊன்றி இறங்கியவர்கள், கால்சட்டையெல்லாம் சேறு. "மேலே நிற்க முடியவில்லை. ஆலயம் பூட்டியிருக்கிறது, அதன் சுவருக்குப் பின்னால் பதுங்கி இருந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை" என்றனர். அவர்கள் சொல்லி முடிக்கும்போதே கூம்பின் பாதி மறைந்துவிட்டது. முதியவர் சொன்ன மேகம் தோளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

தமக்கையார் கல்லறைக் குவியலின் ஓரமாய் அமர்ந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, வேண்டாம். நீங்கள் அங்கே விழுந்தால் தூக்கிவர எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? மலைமீட்புக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஊதியம் இல்லாமல் வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை விட்டுவிட்டு இந்தக் காற்றில் அவர்களும் ஏறவேண்டும்" என்றாள்.

"யாரையும் கூப்பிட வேண்டாம். என்னைப் பத்திரிசியார் பார்த்துக்கொள்வார்" என்றார் தமக்கையார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கள்!"

நாங்கள் என்ன சொல்வது? நேர்ச்சையை முறிக்கச் சொல்ல நாங்கள் யார்? ஏறச் சொல்லி ஏதாவது நேர்ந்துவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? இம்மலையிலேயே 1113-ஆம் ஆண்டு பத்திரிசியார் திருநாளின் இரவில், நோன்பிருந்த திருப்பயணிகளில் முப்பது பேர் இடி விழுந்து மாண்டதை அந்நாட்டு ஆண்டேடுகள் குறித்து வைத்திருக்கின்றன. அவர்கள் நம்பிக்கையில் குறைந்தவர்களா? அத்துயரத்துக்குப் பிறகே திருப்பயணம் தவக்காலத்திலிருந்து கோடைக்கு மாறிற்று என்பர். நம் காலத்திலும், 2015-ஆம் ஆண்டு ஜூலைத் திருவிழாவன்றே வானிலை மோசமாக இருந்ததால் திருப்பயணத்தைக் கைவிட்டனர். இவையெல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்தக் காற்றில் கத்திச் சொல்லக்கூடியவையாக இல்லை.

ஆகவே எங்களுள் ஒருவர் கைக்கடிகாரத்தை மட்டும் அவரிடம் நீட்டி, "அக்கா, நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றோம்.

அவர் எங்களை முறைத்துப் பார்த்தார். பிறகு முப்பதாண்டுப் பழக்கம் வேலை செய்தது. உதடுகள் அசைந்தன. மணி இரண்டு. தம் நடைக்கு உச்சியை அடைய ஒன்றரை மணி நேரம்: மூன்றரை. உச்சியில் சுற்றுகளுக்கு முக்கால் மணி: நாலேகால். வெறுங்காலோடு கூம்பிலிருந்து இறங்க ஒன்றேகால் மணிக்குக் குறையாது: ஐந்தரை. அங்கிருந்து சுருபம் வரை, ஏறியபோதே இரண்டேகால் மணி பிடித்த வழி. இறங்குவது சற்று விரைவு என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றேமுக்கால்: ஏழேகால். சூரியன் மறைவது ஆறேகாலுக்குப் பின். "ஒரு மணி நேரம் கையிருப்பில் இல்லை" என்றார். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கைவிளக்கு.

சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். பின்னர் அவிழ்த்த காலணிகளை முழுவதும் கழற்றிவிட்டார். மகள் பதறினாள். "சும்மா இரு. உச்சிக்குப் போகவில்லை. இதைச் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்தார்.

கூர்மையான கற்கள்மீது வெறுங்காலோடு, கைத்தடியை ஊன்றி, புடவைத் தலைப்பைத் தலையோடு இறுகப் பிடித்துக்கொண்டு, பெனான் கல்லறையை அவர் ஏழு முறை சுற்றினார். நாங்களும் உடன் சுற்றினோம். அவர் சொன்ன மங்கள வார்த்தை எதுவும் எங்கள் காதில் விழவில்லை, காற்று எடுத்துக்கொண்டது. ஐந்தாம் சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் சுற்று முடிந்தபோது பாதங்கள் நீலம் பாய்ந்திருந்தன. மகள் மண்டியிட்டு அவற்றைத் தன் கம்பளித் தொப்பியால் துடைத்து, உலர்ந்த காலுறை இரண்டு இணைகளை மாட்டிக் காலணியைக் கட்டினாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இறங்கியது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோளுக்குக் கீழே பாதை முழுவதும் கணுக்காலளவு நீரோடிற்று. தடி ஊன்றிய இடத்தில் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராய், சுருபத்தை அடைந்தபோது மணி நாலேமுக்கால். திரும்பிப் பார்த்தோம். மலையே இல்லை, வெள்ளைத் திரை மட்டுமே இருந்தது.

குளிர்காலத்துக்கு முன் அப்பக்கம் செல்ல நேரும் நம் பங்குக் குடும்பங்களுக்காக, நாங்கள் பட்டறிந்ததைச் சேர்த்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிவதால், பெற்றோர் சென்று பார்ப்பதும் இப்போது அருமையன்று. பருத்தி ஆடை மழையில் நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளியே நல்லது. கணுக்காலை மூடும் காலணி, ஆளுக்கொரு விளக்கு, சூடான தேநீர், ஒரு ஊதல். ஊதலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் உதவி வேண்டுகிறோம் என்று பொருள். தொலைபேசி கிடைத்தால் 112. இவற்றை எல்லாம் விட, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிடுவது என்பதை அடிவாரத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே காற்றில் அதைப் பேச முடியாது.

கைத்தடியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். முதியவர் தமக்கையாரின் முகத்தைப் பார்த்தார். "எதுவரை?" என்றார். சொன்னோம். தலையை மட்டும் அசைத்து, தடியை வாங்காமல் அவர் கையிலேயே தள்ளிவிட்டார். தம் பாட்டனார் காலத்திலிருந்து அந்த வீட்டு வாசலில் எத்தனையோ பேர் பாதியில் திரும்பி வந்ததைக் கண்டிருப்பதாகவும், அடுத்த முறை ஏறி முடித்த பிறகு தடியைக் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னார்.

தமக்கையாரின் மனம் மட்டும் அடங்கவில்லை. ஊர் திரும்பியதும் பங்குக் குருவானவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துவைத்து விளக்கினார். தனியாள் செய்த நேர்ச்சையிலிருந்து, தக்க காரணம் இருப்பின், பங்குக் குருவே விலக்களிக்கலாம் என்பது 1196-ஆம் சட்டம். நேர்ந்த செயலுக்கு ஈடான அல்லது அதினும் சிறந்த நற்செயலாக அதனை மாற்றிக்கொள்ளவோ நேர்ந்தவருக்கே உரிமை உண்டு, இது 1197. "விலக்குக் கேட்கிறீர்களா, மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று சாமியார் கேட்டார்.

தமக்கையார் சிறிது எண்ணிப் பார்த்தார். "இரண்டும் வேண்டாம் சாமி. நான் நேர்ந்தபோது தேதி எதுவும் குறிக்கவில்லை" என்றார்.

தடி இப்போது அயர்லாந்தில் மகள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. சரியாகச் சொன்னால், நிற்பதில்லை. பேத்தி அதைக் குதிரையாக்கி வீடு முழுவதும் இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்று சென்ற வாரம் மகள் எழுதியிருந்தாள். ஜூலையில் விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுத் தமக்கையார் பதில் எழுதியிருக்கிறார்.